வாசனையில்லாத டியோடரண்டும் கிருஷ்ணகிரி வெயிலும்: மூன்று ஆண்டுப் பயன்பாடு

பாலக்கோட்டில் இருக்கும் என் நாத்தனார் சென்ற வாரம் வாட்ஸாப்பில் ஒரு படத்தை அனுப்பி, "அண்ணி, நீங்க பூசற டப்பா விலை குறைஞ்சிருக்கு, நானும் வாங்கட்டுமா?" என்று கேட்டிருந்தாள். அக்குள் நாற்றத்துக்குப் பூசும் டியோடரண்ட் களிம்பு அது. 50 கிராம் டப்பா 449 ரூபாயிலிருந்து 299 ரூபாய்க்கு இறங்கியிருந்தது. ஒரு சொல்லில் முடிந்திருக்க வேண்டிய பதில்தான். ஆனால் மூன்று ஆண்டுகளாகப் பழப் பருவந்தோறும் நாள் தவறாமல் பூசிக்கொள்ளும் பொருளின் மீது எனக்கு இருக்கும் மனத்தாங்கல் ஒரு சொல்லில் அடங்குவதாக இல்லை.

கிருஷ்ணகிரிக்கு வெளியே உள்ள ஒரு மாங்கூழ்த் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். மே மாதத்தில் பழ லாரிகள் வரத் தொடங்கினால் ஜூலை வரை எங்களுக்கு ஓய்வு கிடையாது. கூழை 90 டிகிரிக்கு மேல் சூடாக்கும் கலன்களுக்குப் பக்கத்தில் நின்று மாதிரி எடுக்கும்போது, மின்விசிறியின் காற்றுகூட அடுப்படிக் காற்றாகத்தான் வரும். அங்கே தலையில் பூ, கையில் வளையல், உடம்பில் வாசனைத் திரவியம் எதுவும் கூடாது. கூழ் அயல் வாசனையை எளிதில் பிடித்துக்கொள்ளும் என்பது ஒரு காரணம். வந்திருப்பது அல்போன்சா மாம்பழமா பெங்களூரா மாம்பழமா, புளிக்கத் தொடங்கிவிட்டதா என்பதைக் கருவிக்கு முன்னால் மூக்குதான் சொல்ல வேண்டியிருக்கிறது என்பது மற்றொன்று. சர்க்கரை அளவைப் பிரிக்ஸ் மானி சொல்லிவிடும். புளிப்பின் முதல் வாடையை அது சொல்லாது.

இயற்கை டியோடரண்டுக்கு மாறும் வரை நான் பயன்படுத்திய, வியர்வையைத் தடுக்கும் ரோல்-ஆன் வேலை செய்யவில்லை என்று சொன்னால் அது பொய்யாகும். அதிலுள்ள அலுமினிய உப்பு வியர்வைக் குழாயின் வாயை அடைத்துவிடுவதால் அக்குள் மாலை வரை உலர்ந்தே இருக்கும். எந்த இயற்கை டியோடரண்டும் அந்த வேலையைச் செய்யாது. வியர்வை வரத்தான் செய்யும், நாற்றம் மட்டும் குறையும். அலுமினியத்தால் புற்றுநோய் வரும் என்ற பேச்சுக்கு உறுதியான சான்று இல்லாததால் அந்தப் பயமும் எனக்கு இருந்ததில்லை. இங்குள்ள கடைகளில் வாசனையில்லாத ரோல்-ஆன் கிடைக்கவில்லை என்பதும், வெள்ளை மேலங்கியின் அக்குளில் மஞ்சள் கறை ஏறிக்கொண்டே போனது என்பதும்தான் நான் மாறியதற்குக் காரணங்கள்.

முதலில் வாங்கிய 'இயற்கை' டப்பாவில் சமையல் சோடா இருந்தது. பத்து நாள் அற்புதமாக இருந்தது. பதினோராம் நாள் காலையில் கையைத் தூக்க முடியவில்லை. தோலின் இயல்பு சற்றே அமிலத்தன்மை; அதன் பி.எச். அளவு 5-ஐ ஒட்டி இருக்கும். சோடாக் கரைசலோ 8-ஐத் தாண்டும். அந்த உரசலை எல்லாருடைய தோலும் தாங்குவதில்லை. எரிச்சலையும் சிவப்பையும் 'நச்சு வெளியேறும் அறிகுறி' என்று அந்த டப்பாவின் விளம்பரம் சொன்னதை நம்பி, மேலும் ஐந்து நாள் பூசினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அக்குள் வழியாக நச்சு வெளியேறுவதில்லை, அது கல்லீரலும் சிறுநீரகமும் பார்க்கிற வேலை என்று தோல் மருத்துவர் சலிப்போடு சொன்னார். எரிச்சல் ஒரு வாரத்தில் நின்றது, கருமை போக நான்கு மாதமாயிற்று.

அடுத்தது படிகாரம். நாட்டு மருந்துக் கடையில் 20 ரூபாய்க்குக் கை கொள்ளும் அளவு ஒரு கட்டி கொடுத்தார்கள். குளித்த ஈரத்திலேயே கல்லை இரண்டு முறை தேய்த்தால் போதும். வாசனை இல்லை, கறை இல்லை, ஓராண்டு கடந்தும் கல் பாதிகூடத் தேயவில்லை. சோப்புப் பெட்டியில் ஈரத்தோடு போட்டுவைத்தால் ஓரம் கத்திபோலக் கூராகிவிடும் என்பதைத் தவிர அதன் மீது எனக்குப் புகார் இல்லை. படிகாரமே பொட்டாசியமும் அலுமினியமும் சேர்ந்த உப்புதான். அதைச் சேர்த்துவிட்டு மூடியில் 'அலுமினியம் இல்லாதது' என்று அச்சிடும் டப்பாவையும் பார்த்திருக்கிறேன். எந்தத் துணிச்சலில் அச்சிடுகிறார்களோ. ஆண்டில் ஒன்பது மாதத்துக்கு எனக்குப் படிகாரமே போதும். பழப் பருவத்தில் மட்டும் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் அது கைவிட்டுவிடுகிறது.

அந்த மூன்று மாதத்துக்காக வாங்கியதுதான் நாத்தனார் கேட்ட டப்பா. தேங்காய் எண்ணெய், ஷியா வெண்ணெய், ஆரோரூட் மாவு, மக்னீசியம் ஹைட்ராக்சைடு, கொஞ்சம் தேன்மெழுகு, அவ்வளவுதான் உள்ளே. வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளை மருந்தில் உள்ள அதே மக்னீசியம்தான் இது. இதுவும் காரப்பொருள்தான் என்றாலும், நீரில் மிகக் குறைவாகவே கரைவதால் சோடாவைப்போலத் தோலைக் கடிப்பதில்லை. வியர்வைக்குத் தனியாக நாற்றம் கிடையாது. அக்குளில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போதுதான் வாடை எழுகிறது. கொண்டைக்கடலை அளவு எடுத்து விரலால் தேய்த்துக்கொண்டால், காலை ஏழு மணி ஷிப்டில் நுழைந்து மாலை வெளியே வரும் வரை என் மூக்குக்கே எதுவும் தட்டுப்படாது. மூக்கை வைத்துச் சம்பளம் வாங்குபவள் சொல்கிறேன் என்பதால் இதை நம்பலாம். மூன்று பருவங்களில் ஒரு முறைகூடத் தோல் தடிக்கவில்லை, மேலங்கியில் புதிய மஞ்சள் ஏறவில்லை.

இனி அதன் குற்றத்துக்கு வருகிறேன். பொருள்களின் பட்டியலில் முதலில் நிற்பது தேங்காய் எண்ணெய். அளவில் கூடியதைத்தான் முதலில் எழுதுவார்கள். அந்த எண்ணெய் இளக 24, 25 டிகிரி போதும். கிருஷ்ணகிரியில் மே மாதப் பகலில் 37, 38 டிகிரி அடிக்கும்போது இந்தக் களிம்பு களிம்பாக இருப்பதில்லை. எனக்கு அது தேவைப்படும் மூன்று மாதமும் அது உருகிக் கிடக்கும் மூன்று மாதமும் ஒன்றே. கைப்பையின் உள்துணியில் எண்ணெய் ஊறிய வட்டம் இன்னும் இருக்கிறது. பேருந்தில் பையை மடியில் வைத்திருந்ததால் சேலையிலும் அதன் இரட்டை இருக்கிறது.

உருகுவதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மக்னீசியம் எண்ணெயில் கரையாது என்பதால், களிம்பு இளகியதும் சுண்ணாம்புபோல அடியில் படிந்துவிடுகிறது. அப்படியே குளிர்பெட்டியில் வைத்து இறுகவிட்டால், டப்பாவின் மேல்பாதி வெறும் தலைக்கு வைக்கிற எண்ணெய், கீழ்ப்பாதி சுவருக்கு அடிக்கிற வெள்ளை. மேல்பாதியைப் பூசிய வாரங்களில் 'இதுவும் கைவிட்டதே' என்று வருந்தினேன். கீழ்ப்பாதி அக்குளில் மணல்போல உரசியது. முதல் டப்பா முழுவதும் இப்படியே போன பிறகுதான் காரணம் விளங்கிற்று. இப்போதெல்லாம் மே மாதத்தில் ஒவ்வோர் இரவும், ஐஸ் கட்டி போட்ட எவர்சில்வர் கிண்ணத்தில் டப்பாவை நிறுத்தி, குச்சி ஐஸின் குச்சியால் கலக்கிக்கொண்டே இருக்கிறேன். குச்சி இழுத்த கோடு மூடிக்கொள்ளாமல் நிற்கும் பதம் வந்ததும் எடுத்துக் குளிர்பெட்டியில் தோசை மாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட வேண்டும். பத்து நிமிட வேலைதான். பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தவளுக்கு அந்தப் பத்து நிமிடமும் கணக்குதான்.

நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். 'குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்' என்ற லேபிள் வரியையே மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள். முகவரி பெங்களூரு, ஓசூரைப்போலவே மேட்டில் இருக்கும் ஊர். எங்கள் ஊரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தள்ளி ஓசூரில் இருக்கும் என் தங்கை வீடு, எங்கள் ஊரைவிட ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போன டிசம்பரில் இதே டப்பாவை அங்கே கொண்டுபோனபோது, கல்லாக இறுகியிருந்ததைக் கரண்டிக் காம்பால் சுரண்ட வேண்டியிருந்தது. இதைக் கலந்தவர்கள் ஒரு மே மாதத்திலாவது ஓசூர் மேட்டிலிருந்து சூளகிரியைத் தாண்டி எங்கள் பக்கம் கீழே இறங்கியிருந்தால் தேன்மெழுகை இன்னும் ஒரு கரண்டி கூட்டியிருப்பார்கள். மெழுகு இளக 60 டிகிரிக்கு மேல் வேண்டும்.

நியாயத்துக்காக ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். இரண்டாம் ஆண்டில் ஒரு வாரம் நாற்றம் திரும்பி வந்தபோது களிம்பைத் திட்டினேன். குற்றம் புதிதாகக் கொடுத்த பாலியஸ்டர் கலந்த மேலங்கியுடையது. துவைத்துக் காயவைத்த பிறகும், உடம்புச் சூடு பட்டதும் பழைய வாடையை அந்தத் துணி திருப்பித் தந்தது. பருத்தி மேலங்கியைக் கேட்டு வாங்கியதும் அது நின்றுவிட்டது. அந்த ஒரு வாரத்துப் பழியை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

நாத்தனாருக்கு வீட்டிலேயே தையல் வேலை, நிழலில் உட்கார்ந்து செய்வது. "வேண்டாம்மா, காசைக் கரியாக்காத. நாட்டு மருந்துக் கடையில படிகாரம் வாங்கிக்க" என்று எழுதி அனுப்பினேன். பிறகு விலை ஏறுவதற்குள் எனக்கு இரண்டு டப்பா ஆர்டர் போட்டேன். ஒன்று பாலக்கோட்டுத் தங்கச்சிக்கா என்று என் கணவர் கேட்டார். இல்லை, எந்த இரவாவது கலக்காமல் தூங்கிவிட்டால் மாற்றுக்கு ஒன்று இருக்கட்டும் என்றேன்.