ஓட்டுப் போட ஊருக்குப் போன 18ஆம் நம்பர் பஸ்

கொழும்பு – ஹட்டன் பிரைவேட் பஸ் ஒன்றுக்கு என் மார்க் 5க்கு 2. பெயரைப் போடவில்லை.

2024இல் ஓட்டுப் போடவென்றே இதில் இரண்டு தடவை ஊருக்குப் போனேன். நான் புறக்கோட்டையில் புடவைக் கடையில் நிற்கிறவன். எங்களுக்குத் தபால் ஓட்டு கிடையாது. போர்டிங் வீட்டுக்காரர் தன் விலாசத்தில் எங்கள் பெயரைப் பதிய விடமாட்டார். ஆள் கொழும்பில், ஓட்டு ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டத்தில். ஓட்டுப் போட 100 முதல் 150 கிலோமீற்றர் வரை போகிறவனுக்கு ஒன்றரை நாள் லீவு உண்டு, முதலாளியும் முகம் சுளிக்காமல் தந்தார். அதற்குப் பிறகு எல்லாம் பஸ்காரன் கையில்.

செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலுக்கு முதல் நாள் மிதிபலகை வரை சனம். அவிசாவளை வரை ஒற்றைக் காலில்தான் நின்றேன். டிக்கெட்டுக்கு மேல் 100 ரூபாய் கேட்டார் கொண்டக்டர், ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. சீட்டில் 38 பேர், யாருக்குப் போடுவது என்று கினிகத்தேனை ஏற்றம் முழுக்க வாக்குவாதம். இடுப்பு விட்டுப்போனாலும் அந்தப் பயணம் எனக்குப் பிடித்திருந்தது. டிரைவரையும் சொல்ல வேண்டும்: கித்துல்கலைக்கு மேலே அத்தனை வளைவிலும் நிதானம். அந்த 2 மார்க் அவருக்குத்தான்.

நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தல். முதல் நாள் போன் பண்ணினேன். "ஆறு மணிக்கு வாங்க தம்பி, சீட் இருக்கு" என்றார்கள். சீட் இருந்தது, அதுதான் வில்லங்கம். நிரம்பாமல் எடுக்கமாட்டேன் என்று ஏழே முக்கால் வரை ஸ்டாண்டிலேயே போட்டிருந்தான். வெள்ளி போயா (பௌர்ணமி விடுமுறை), சேர்ந்தாற்போல நாலு நாள் லீவு, அப்படியும் ஆள் இல்லை. செப்டெம்பரில் எங்கள் கடையிலிருந்து ஐந்து பேர் வந்தோம், இந்தமுறை இரண்டே பேர். "அதான் ஆளை மாத்தியாச்சே, இனி எதுக்குடா காசைக் கரைக்கிறது" என்று மற்றவர்கள் போர்டிங்கிலேயே நின்றுவிட்டார்கள். பிறகு செய்தியில் சொன்னார்கள், செப்டெம்பரில் 79 சதவீதத்துக்கு மேல் விழுந்த வாக்கு நவம்பரில் 69ஐக்கூடத் தொடவில்லையாம். எனக்கு அது அன்றிரவே தெரியும். பின்சீட்டில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு போனவன் நான்.

ஹட்டனில் இறங்கும்போது நடுச்சாமம் தாண்டிவிட்டது. பதினொன்று வரை காத்திருந்த எங்கள் த்ரீவீல் அண்ணன் போய்விட்டார். வேறொருவர் பஸ் கூலியைப் போல இரண்டு மடங்கு வாங்கினார். நனைந்துபோய்த் தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினால், அம்மா அடையாள அட்டையைத்தான் முதலில் கேட்டார். தாத்தாவின் பிரஜாவுரிமை, மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய 1948 சட்டத்தோடு போனது, ஒரு ஓட்டுக்கூடப் போடாமலே கண்ணை மூடினார். அந்த வீட்டில் "பஸ் லேட்டு" என்ற கதை எடுபடாது. காலையில் ஸ்கூலில் வரிசையே இல்லை, ஐந்து நிமிடத்தில் விரலில் மை.

திரும்பி வந்த பயணத்தில் சொல்ல ஒன்றுமில்லை, தூங்கிவிட்டேன்.

அடுத்த தேர்தலுக்கும் இதில்தான் போவேன், வேலை விடுகிற நேரத்துக்குத் தோதாக எனக்கு வேறு பஸ் இல்லை. நீங்கள் போவதானால் எத்தனை மணிக்கு எடுப்பார்கள் என்று கேட்காதீர்கள், எத்தனை சீட் போயிருக்கிறது என்று கேளுங்கள். இடது பக்கம் மூன்றாவது ஜன்னல் மழைக்கு ஒழுகும்.