கடல் இல்லாத கொழும்புக் கோட்டை

கண்டி டவுனில் ஒரு சந்துக்குள், மாடியில் இருக்கிற பிரேம் கடை. பெயர் வேண்டாம், ஆள் நல்லவர். போன மாதம் அங்கே 6500 ரூபாய் கொடுத்து ஒரு முற்றுகைப் படம் வாங்கினேன், கீழே 'ஒல்லாந்தர் கொழும்பைப் பிடித்த காட்சி, 1656' என்று லேபிள். பஸ்ஸில் மடியில் வைத்தே ஹட்டனுக்குக் கொண்டுவந்து சுவரில் மாட்டிய பிறகுதான் உறைத்தது, படத்தில் கடலையே காணோம்.

தேடிப் பார்த்தால் அது நெதர்லாந்தின் பிரேடா நகரம். 1624 ஆகஸ்டில் ஸ்பெயின் தளபதி ஸ்பினோலா வளைத்து, ஒன்பது மாதம் பட்டினி போட்டு 1625 ஜூனில் பிடித்தார். அதாவது இதில் ஒல்லாந்தர்தான் கோட்டைக்குள் மாட்டிக்கொண்டவர்கள்! வரைந்தவர் லொரேன் நாட்டுக்காரர் ழாக் கலோ, வெளிவந்தது 1628இல்.

லேபிளைக்கூட மன்னித்துவிடலாம். அசலில் அமிலத்தால் கோடுகளை அரித்தெடுத்த ஆறு செப்புத் தகடு, அச்சடித்த தாள்களைச் சேர்த்து ஒட்டினால் மனிதன் கைவிரித்து நிற்கும் அளவுக்குக் கிட்ட வரும். அதை ஏ3 தாளில் அடக்கினால் என்ன மிஞ்சும்? எதிர்மலையில் கொழுந்து பறிக்கிறவர்களை ரோட்டில் நின்று பார்ப்பது போல எல்லாம் புள்ளி.

திரும்பப் போய், "முதலாளி, கீழ்வரிசையில் ஒரே ஒரு தாளை மட்டும் அசல் அளவில் போட்டுத் தருவீங்களா?" என்று கேட்டேன். "அதுக்கென்ன தம்பி" என்று 2800க்குச் செய்து கொடுத்தார். அப்பா! முன்னால் நிற்கிற குதிரைக்கும் ஆளுக்கும் கோடு தடிப்பு, வளைவில் பருத்து நுனியில் மெலிகிறது, தூரத்துப் பதுங்குகுழிகளோ மயிரிழை. தூரத்துக் கோடுகள் லேசாக அரித்ததும் அவற்றை வார்னிஷால் மூடிவிட்டு, மற்றதை மறுபடி அமிலத்தில் விடுவார்களாம். கீழே நிலக்காட்சியாக ஆரம்பிப்பது மேலே போகப் போக வரைபடமாகவே மாறிவிடுகிறது, எந்த இடத்தில் மாறுகிறது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

பிரேம் வேலையில் குறையே இல்லை. கண்ணாடி தாளில் ஒட்டாமல் இடையில் மட்டை வைத்திருக்கிறார், எங்கள் பக்கத்துப் பனிமூட்டத்துக்கு அது இல்லாவிட்டால் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும்.

லேபிளைப் பற்றிச் சொன்னதும் சிரித்துவிட்டு, பேனாவை நீட்டி "நீங்களே எழுதுங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன். ஆனால் கடையில் இன்னும் இரண்டு 'கொழும்பு' தொங்குகிறது.