ஒரே சாலை, மூன்று ஒப்பந்த முறைகள்: இணைப்புக்கு யார் பொறுப்பு?

சென்னை மாநகராட்சியின் பொறுப்பில் பேருந்துத் தடச் சாலைகள் மட்டுமே 380 கிலோமீட்டருக்கு மேல் இருக்கின்றன. உட்புறச் சாலைகளையும் சேர்த்தால் 5,000 கிலோமீட்டரைத் தாண்டும். இதில் ஒரு பெரிய சாலையைப் புதிதாகப் போடப் போகிறார்கள் என்றால் தாரின் தரம், ஜல்லியின் தரம் பற்றித்தான் பேச்சு வரும். வேலையை எத்தனை பேருக்கு, எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்ற பேச்சு டெண்டர் ஆவணத்தோடு முடிந்துவிடும்.

அது பெரிய இழப்பு. புதுச் சாலை முதலில் பெயர்கிற இடங்களைக் கவனித்துப் பாருங்கள். இரண்டு லேன்கள் சேரும் கோடு, மேன்ஹோல் மூடியைச் சுற்றிய வட்டம், குழாய்க்காக வெட்டி மூடிய பள்ளம். ஒருவர் வேலை முடிந்து இன்னொருவர் வேலை தொடங்கிய இடங்கள்தான் பெரும்பாலும் முதலில் கெடுகின்றன. அதனால் ஒப்பந்த முறைகளை ஒரே கேள்வியை வைத்து எடைபோடுகிறேன்: இந்த இணைப்புகளுக்குப் பதில் சொல்ல ஆள் இருக்கிறாரா?

உதாரணத்துக்கு, நான்கு லேன் கொண்ட 5 கிலோமீட்டர் பேருந்துத் தடச் சாலை. பழைய மேற்பரப்பை மில்லிங் செய்து (அதாவது இயந்திரத்தால் சுரண்டியெடுத்து), மேன்ஹோல் மூடிகளின் மட்டத்தைச் சரிசெய்து, புது அடுக்கு ஒட்டுவதற்கான டாக் கோட் என்ற மெல்லிய தார்ப்பூச்சைத் தெளித்து, 40 மில்லிமீட்டர் தார்க்கலவை போட்டு, கோடு போட வேண்டும்.

துண்டு துண்டாகப் பிரிப்பது

ஒரு கிலோமீட்டருக்கு ஒரு பேக்கேஜ் என்று ஐந்து ஒப்பந்தங்கள் போடலாம். நடுத்தர ஒப்பந்ததாரர்களுக்கு வாய்ப்புக் கிடைக்கும், போட்டி கூடும், ஒருவர் வேலையைக் கைவிட்டாலும் மற்ற நான்கு பகுதிகள் நிற்காது. பேக்கேஜ் சிறியதாக இருக்கும் உட்புறத் தெருக்களுக்கு இது நியாயமான முறை, அதில் எனக்கு மறுப்பில்லை.

பெரிய சாலையில் வேறு கதை. ஐந்து பேரும் ஒரே நேரத்தில் வேலை செய்தால் சீக்கிரம் முடியும் என்பது காகிதக் கணக்கு. ஐந்து பேரும் வாடகைக்குத் தேடுவது அதே மில்லிங் இயந்திரங்களையும், தார்க்கலவையைப் பரப்பும் பேவரையும்தான், கலவை வாங்கப் போவதும் புறநகரில் இருக்கும் அதே சில ஹாட் மிக்ஸ் பிளான்ட்களுக்குத்தான், அதாவது சூடான தார்க்கலவை தயாரிக்கும் ஆலைகளுக்குத்தான். போக்குவரத்தைத் திருப்பிவிட காவல்துறை அனுமதியை ஐந்து பேரும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். கடைசியில் ஒரு பேக்கேஜ் முடியும் இடத்துக்கும் அடுத்தது தொடங்கும் இடத்துக்கும் மட்டம் ஒத்துப்போகாது. அங்கே தண்ணீர் தேங்கும். தேங்கிய தண்ணீருக்கு இரண்டு பேருமே பொறுப்பில்லை என்பார்கள். முடித்த வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகத்தில் இருவர் கணக்கும் சரியாகவே இருக்கும்.

வேலை வாரியாகப் பிரிப்பது

மில்லிங் ஒருவர், தார் போடுவது இன்னொருவர், மேன்ஹோல் வேறொருவர், கோடு போடுவது நான்காமவர். ஒவ்வொரு வேலைக்கும் அதில் கைதேர்ந்தவர் கிடைப்பார் என்பது இதன் பலம்.

பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு, வீடுகள் தெருவைவிடத் தாழ்ந்து போனதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, மில்லிங் செய்து பழைய மட்டத்திலேயே சாலை போட வேண்டும் என்று அறிவுறுத்தினார். மிகவும் தேவையான உத்தரவு. ஆனால் மில்லிங்கைத் தனி ஆளிடம் கொடுத்தால் புதுச் சிக்கல் பிறக்கிறது. சுரண்டிய சதுர மீட்டருக்குத்தான் அவருக்குக் காசு. எவ்வளவு வேகமாகச் சுரண்ட முடியுமோ அவ்வளவு லாபம். தார் போடுபவர் பத்து நாள் கழித்து வந்தால் அவருக்கு என்ன நஷ்டம்?

நஷ்டம் இரு சக்கர வாகனத்தில் போகிறவருக்கு. சுரண்டிய சாலையில் நீளவாக்கில் வரிவரியாகப் பள்ளம் இருக்கும், முன்சக்கரம் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு இழுக்கும். மேன்ஹோல் மூடி நாலு சென்டிமீட்டர் துருத்திக்கொண்டு நிற்கும், இரவில் கண்ணுக்கே தெரியாது. நடுவில் ஒரு மழை பெய்தால் சுரண்டிய பரப்பில் சேறு படியும். அதைச் சரியாகக் கூட்டாமல் டாக் கோட் தெளித்தால் புது அடுக்கு ஒட்டாது. பிறகு தகடு தகடாகப் பெயரும்போது, சுத்தம் செய்யாமல் விட்டது யார் என்பதில் சண்டை. போக்குவரத்தை நிறுத்தவே முடியாத நகரச் சாலைக்கு மூன்றில் மோசமான முறை இதுதான் என்பேன்.

மொத்தச் சாலையும் ஒருவரிடம்

கணக்கைப் பாருங்கள். மூன்றரை மீட்டர் அகல லேனில், ஒரு கிலோமீட்டருக்கு 40 மில்லிமீட்டர் கலவை போட சுமார் 330 டன் வேண்டும். டிப்பரில் ஏறக்குறைய இருபது நடை. நம் உதாரணச் சாலை முழுவதற்கும் 6,600 டன் ஆகும். இந்தக் கலவை சூடு ஆறுவதற்குள் வந்து சேர வேண்டும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்புப்படி, வி.ஜி. 30 ரகத் தார் என்றால் பரப்பும்போது குறைந்தது 140 டிகிரி இருக்க வேண்டும், 90 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் ரோலர் வேலை முடிந்துவிட வேண்டும். டிப்பர் ஒரு சிக்னலில் மாட்டி பேவர் காத்து நின்றால், நின்ற இடத்தில் கலவை ஆறிப்போய் ஒரு தழும்பு விழும். பிளான்ட், டிப்பர், பேவர், ரோலர் நான்கும் ஒரே ஆளின் கட்டுப்பாட்டில் இருந்தால்தான் இந்தச் சங்கிலி அறுபடாது.

இன்னொரு லாபமும் உண்டு. இரண்டு பேவர்களைக் கொஞ்சம் முன்பின்னாக ஓட்டி இரண்டு லேன்களையும் சூட்டோடு சேர்த்துவிடலாம். ஆறிய லேனின் ஓரத்தில் மறுநாள் இரவு புதுக் கலவையை ஒட்டவைப்பதைவிட இது எவ்வளவோ உறுதி. ஐந்து சிறு ஒப்பந்ததாரர்களிடம் இதை எதிர்பார்க்கவே முடியாது.

குறைகளும் உண்டு. டெண்டரில் கலந்துகொள்ளக்கூடியவர்கள் குறைவு, அதனால் விலை ஏறலாம். அவருக்குப் பணமுடை வந்தால் மொத்தச் சாலையும் நிற்கும். வேலையைச் சத்தமில்லாமல் உள்குத்தகைக்கு விட்டால் மீண்டும் முதல் முறைக்கே வந்து நிற்போம், அதுவும் கணக்கில் வராமல். உள்குத்தகைக்காரர்களின் பட்டியலை முன்கூட்டியே வாங்கி ஒப்புதல் தரும் கண்டிப்பு இல்லையென்றால் இந்த முறையின் பலன் பாதி போய்விடும். அப்படியிருந்தும் பெரிய சாலைகளுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

இதையே இன்னும் நீட்டி, சாலையைப் போட்டவரே பல ஆண்டுகள் பராமரிக்க வேண்டும் என்ற செயல்திறன் அடிப்படையிலான ஒப்பந்தத்தை நெடுஞ்சாலைத் துறை பொள்ளாச்சிக் கோட்டத்தில் தொடங்கி வேறு கோட்டங்களுக்கும் கொண்டுபோனது. பஞ்சாபிலும் சங்ரூர், மான்சா, பட்டிண்டா பகுதிகளில் 10 ஆண்டு ஒப்பந்தம் போட்டார்கள். ஊருக்கு வெளியே ஓடும் சாலைகளுக்கு இது அருமையான ஏற்பாடு. சென்னைக்குள் உடனே கொண்டுவரத் தயங்குவேன். இங்கே சாலையை ஒப்பந்ததாரரைத் தவிர மற்ற எல்லோரும் வெட்டுகிறார்கள். ‘வெட்டியது நானில்லை’ என்று அவர் சொன்னால் அதில் நியாயம் இருக்கும்.

அந்த வெட்டு விஷயத்தை மூன்று முறைகளில் எதுவும் தீர்க்காது. குடிநீர் வாரியமும் மின்வாரியமும் எந்தச் சாலை ஒப்பந்ததாரரின் பேச்சையும் கேட்கப் போவதில்லை, அவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும். இந்தப் பொறுப்பை மாநகராட்சியேதான் சுமக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். எனவே குழாய், கேபிள், மழைநீர் வடிகால் வேலைகளெல்லாம் கோடைக்குள் முடிந்து, வெட்டிய பள்ளங்கள் நன்றாக இறுகிய பிறகே மில்லிங் தொடங்க வேண்டும். ‘இனி இங்கே எங்களுக்கு வேலை இல்லை’ என்று ஒவ்வொரு துறையும் எழுத்தில் தராமல் ஒப்பந்ததாரரிடம் சாலையை ஒப்படைக்கக் கூடாது. அதற்குப் பிறகும் அவசரமாக வெட்ட நேர்ந்தால், வெட்டிய துறை பள்ளத்தை மட்டும் அடைக்காமல் அந்த லேனின் முழு அகலத்துக்கும் தார் போட்டுத் தர வேண்டும்.

ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளையும் கட்டாயம் சேர்க்கச் சொல்வேன். ஒன்று, அடுத்த இரண்டு இரவுகளில் தார் போட முடிந்த நீளத்துக்கு மேல் மில்லிங் செய்யக் கூடாது. இன்னொன்று, தார் அடுக்கு எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்கும் அடர்த்திச் சோதனைக்கு எடுக்கும் மாதிரிகளில் குறிப்பிட்ட பங்கை லேன் நடுவிலிருந்து இல்லாமல் இணைப்புக் கோட்டிலிருந்தும் மேன்ஹோல் ஓரத்திலிருந்தும் துளைத்தெடுக்க வேண்டும். அந்த மாதிரிகள் தேறிய பிறகே கடைசித் தவணையை விடுவிக்க வேண்டும்.