எதிர்வெளிச்சத்தில் கறுத்த முகம்: கிம்ப்பா, டார்க்டேபிளா?

மெரினாவில் காலையில் கடலைப் பின்னால் வைத்துப் படமெடுத்தால் சூரியனும் பின்னால்தான் இருக்கும். வானம் பிரமாதமாக விழும். நிற்பவர் முகம் கரிக்கட்டை. இதைச் சரிசெய்ய கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் ஆரம்பித்த நான் இப்போது டார்க்டேபிள் என்ற இன்னொன்றிலேயே தங்கிவிட்டேன். இரண்டும் இலவசம், அதனால் காசுப் பேச்சு வேண்டாம்.

கிம்ப் சுலபம். 2018-ல் வந்த 2.10 பதிப்பிலிருந்து கலர்ஸ் மெனுவில் ஷேடோஸ்-ஹைலைட்ஸ் என்ற கருவி இருக்கிறது. ஸ்லைடரை வலப்பக்கம் இழுத்தால் இருட்டு விலகும். அவசரத்துக்கு இது போதும்.

வம்பு விளிம்பில்தான். கொஞ்சம் தாராளமாக இழுத்துவிட்டு, படத்தைப் பெரிதாக்கி, தலைமுடி வானத்தைத் தொடும் இடத்தைப் பாருங்கள். தலைக்கு வெளியே சாமி படத்து ஒளிவட்டம் மாதிரி ஒரு வெளுப்பு, உள்ளே ஓரமாக ஒரு கறுப்புப் பட்டை. எது இருட்டு, எது வெளிச்சம் என்று தீர்மானிக்க கிம்ப் படத்தின் மங்கலான நகல் ஒன்றைத்தான் பார்க்கிறது. அந்த மங்கல் முடியின் விளிம்பைத் தாண்டி வானத்துக்குள்ளும் கசிந்துவிடுகிறது. ரேடியஸை, அதாவது மங்கல் பரவும் தூரத்தை, குறைத்தால் வளையம் ஒடுங்கும், ஆனால் முகம் தட்டையாகிவிடும். கல்யாண ஆல்பத்தில் பெரிதாக அச்சிட்டால் முதலில் கண்ணில் படுவது இந்த வளையம்தான்.

டார்க்டேபிளில் டோன் ஈக்வலைசர் என்றொரு கருவி உண்டு. 2019 டிசம்பரில் 3.0 பதிப்போடு வந்தது. இதுவும் மங்கலாக்கித்தான் பார்க்கிறது, ஆனால் விளிம்பு வந்ததும் நின்றுவிடுகிறது. கன்னத்தின் மேல் கர்சரை வைத்து மவுஸ் சக்கரத்தை உருட்டினால் அந்த அளவு இருட்டில் உள்ள பகுதிகள் மட்டும் வெளுக்கும்; வானம் அசையாது. மாஸ்க்கை, அதாவது கருவி பார்க்கும் அந்த மங்கலான நகலை, திரையில் காட்டச் சொல்லிப் பாருங்கள்: முகம் ஒரே சாம்பல் நிறமாகவும் விளிம்பு கூர்மையாகவும் இருந்தால் சரி. இல்லாவிட்டால் மாஸ்கிங் பக்கத்தில் எக்ஸ்போஷர், கான்ட்ராஸ்ட் இரண்டின் அருகிலும் உள்ள மந்திரக்கோல் பொத்தான்களை அழுத்த வேண்டும். புதிதாக வருபவர்கள் இதைச் செய்யாமல்தான் "ஒன்றுமே மாறவில்லையே" என்று மூடிவிட்டுப் போகிறார்கள்.

ரா ஃபைல் (கேமரா சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) என்றால் கேள்வியே இல்லை, டார்க்டேபிள்தான். கிம்ப் அதைத் தானாகத் திறக்காது. டார்க்டேபிளையோ, ராதெரப்பீ என்ற இன்னொரு ரா மென்பொருளையோதான் துணைக்குக் கூப்பிடும். அடோபியின் கட்டண மென்பொருளான லைட்ரூமை நண்பரின் கணினியில் கொஞ்சம் தொட்டுப் பார்த்ததோடு சரி. ஷேடோஸ் ஸ்லைடர் வேகமாக, சுத்தமாக வேலை செய்தது. அதற்குமேல் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. மாதச் சந்தாதான் எனக்கு ஒத்துவரவில்லை.

போனில் எடுத்த ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு இருட்டிலிருந்து வெளிச்சம்வரை 256 படிகள்தான். 14 பிட் ராவில் 16,384. முடி முழுக் கறுப்பாகிவிட்ட ஜேபெக்கை எதில் தூக்கினாலும் சாம்பல்தான் கிடைக்கும். அதற்கு கிம்ப்பே போதும். ராவில்கூட இரண்டு ஸ்டாப்புக்கு மேல் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) தூக்கினால் கன்னத்தில் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள் எட்டிப்பார்க்கும். டார்க்டேபிளின் டீநாய்ஸ் ப்ரொஃபைல்டு என்ற கருவி கேமராவுக்கேற்ற அளவில் அதைத் துடைத்துவிடும்.