பட்டுப் பிரிவில் கமிஷன் வேலையா? சதவீதத்தை மட்டும் கேட்டுவிட்டுச் சேராதீர்கள்

கல்யாண சீசனுக்கு முன்னால் பட்டுக் கடைகள் ஆள் எடுக்கத் தொடங்கும். "முகூர்த்தப் பட்டு செக்‌ஷன், சம்பளம் போக ஒரு பர்சென்ட் கமிஷன்" என்பார்கள். 40,000 ரூபாய்ப் புடவைக்கு 400 ரூபாய், சீசனில் மாதம் எட்டாயிரமாவது வரும் என்று மனக்கணக்குப் போட்டுச் சேருகிறவர்கள் அதிகம். பலருக்குக் கையில் வருவது சில நூறு ரூபாய்தான். சதவீதத்தில் யாரும் கை வைப்பதில்லை. எந்தத் தொகைக்கு, யார் பெயரில், எப்போது என்ற மூன்று இடங்களில் பணம் போய்விடுகிறது.

தொகையைப் பாருங்கள். உங்கள் கோடில் (பில்லில் ஏறும் உங்கள் விற்பனையாளர் எண்ணில்) ஒரு மாதம் 8,00,000 ரூபாய்க்கு பில் ஆனதாக வைத்துக்கொள்வோம். 5% ஜிஎஸ்டியை நீக்கினால் 7,61,905. வரிக்குக் கமிஷன் கேட்க முடியாது, அது சரிதான். தள்ளுபடி டேக் போட்ட புடவைகளுக்குக் கமிஷன் இல்லை என்று 90,000 கழித்தால் 6,71,905. திரும்பி வந்தவை, மாற்றிப் போனவை 40,000 கழித்தால் 6,31,905. டார்கெட் 6,00,000, அதைத் தாண்டியதற்கு மட்டுமே கமிஷன் என்றால் மிச்சம் 31,905. அதில் ஒரு பர்சென்ட் 319 ரூபாய். டார்கெட்டைத் தொட்டால் முதல் ரூபாயிலிருந்து கமிஷனா, தாண்டியதற்கு மட்டுமா என்பதைச் சேரும் அன்றே கேளுங்கள். வேறு எதைக் கேட்க மறந்தாலும் இதை மறக்காதீர்கள். ரிசப்ஷன் லெஹங்கா விற்பவர்களுக்கு இன்னொன்று: 2,500 ரூபாய்க்கு மேற்பட்ட தைத்த உடைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18%. 59,000 ரூபாய் பில்லில் கமிஷனுக்கு உரிய தொகை 50,000தான்.

அடுத்தது கோடு. பெரும்பாலான ஏமாற்று இங்கேதான் நடக்கிறது. முகூர்த்தப் புடவை ஒரே வரவில் விற்பதில்லை. இரண்டு வீட்டாரும் சேர்ந்து வருவார்கள், ஐம்பது அறுபது புடவைகளை விரிக்கச் சொல்வார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். மறுவாரம் நேராக வந்து அதே புடவையைக் கேட்கும்போது யார் எடுத்துக் கொடுக்கிறாரோ அவர் கோடுதான் பில்லில் ஏறும். ஆடியில் இது இன்னும் மோசம். ஆடியில் வாங்க விரும்பாத குடும்பங்கள் தேர்ந்தெடுத்து அட்வான்ஸ் மட்டும் கொடுத்துவிட்டு ஆவணி பிறந்ததும் பில் போடுவார்கள். அட்வான்ஸ் சீட்டில் உங்கள் கோடு இல்லையென்றால் அந்த விற்பனை உங்களுடையது இல்லை. சீட்டு எழுதும்போதே கோடு போடச் சொல்லுங்கள். புடவையின் பார்கோடு எண், தேதி, பார்ட்டியின் (வாங்க வந்த குடும்பத்தின்) பெயர், கல்யாணத் தேதி ஆகியவற்றை உங்கள் சொந்த நோட்டில் குறித்து வையுங்கள். பில் ஆனதும் பில் எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசியில் பேச அந்த நோட்டு ஒன்றுதான் இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் பார்ட்டி கை மாறினால் பாதிப் பாதியா, பில் போட்டவருக்கே முழுதுமா என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள். சூப்பர்வைசர் கோடில் பில் போடும் வழக்கம் உள்ள கடை என்று தெரிந்தால் அங்கே சேர வேண்டாம் என்றே சொல்வோம்.

எக்ஸ்சேஞ்சிலும் கவனம் தேவை. பழைய பில் உங்கள் கணக்கிலிருந்து கழியும், புது பில் எக்ஸ்சேஞ்ச் கவுண்டர் கோடில் போகும். அந்தப் பார்ட்டி வந்தால் கூடவே போய்ப் புது பில்லில் உங்கள் கோடு ஏறுவதைப் பார்த்துவிடுங்கள்.

திரும்பி வரும் புடவைகளில் சண்டையோடு வருவது ஜரிகைப் புடவை. "சுத்த ஜரிகை என்று சொல்லு" என்று மேலே இருப்பவர் சொல்வார். வாங்கியவர் ஜரிகையில் உள்ள உலோகங்களைக் காட்டும் எக்ஸ்ஆர்எஃப் இயந்திரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு வந்து நின்றால், கமிஷனும் போகும், பொய் சொன்னவர் என்ற பெயரும் உங்களுக்கே வரும். புடவையில் தொங்கும் சில்க் மார்க் முத்திரை பட்டு நூலுக்கு மட்டுமே உத்தரவாதம், ஜரிகைக்கு இல்லை. பில்லில் ஜரிகை பற்றி என்ன அச்சாகிறதோ அதை மட்டும் வாயால் சொல்லுங்கள்.

ஸ்டாக் ஷார்ட்டேஜ் (சரக்கு குறைகிறது) என்று செக்‌ஷன் ஆட்கள் எல்லோரிடமும் பங்கு போட்டுப் பிடிப்பது சட்டப்படி செல்லாது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, உங்கள் பொறுப்பில் தனியாக ஒப்படைத்த சரக்கு உங்கள் கவனக்குறைவால் நேரடியாகத் தொலைந்தால்தான் பிடிக்கலாம், அதுவும் உங்கள் விளக்கத்தைக் கேட்ட பிறகு. அபராதம் அந்த மாதச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து பாதிச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது.

ஆனால் அதே சட்டத்தில் சம்பளம் என்பதற்கான வரையறைக்குள் கமிஷன் வராது. பெரும்பாலானவர்களுக்குத் தெரியாத விஷயம் இது. பிஎஃப், கிராஜுவிட்டி இரண்டுக்கும் பொதுவாக அது கணக்கில் சேராது. அதனால்தான் சில கடைகள் அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக் கமிஷனைப் பெரிதாகக் காட்டுகின்றன. 15,000 வரவேண்டிய இடத்தில் 9,000 என்று போட்டால் பிஎஃப்புக்கு நிர்வாகம் செலுத்தும் 12% பங்கிலேயே மாதம் 720 ரூபாய் உங்களுக்கு நஷ்டம். கமிஷன், போனஸ் போன்றவை மொத்த வருமானத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதி சம்பளமாகவே கருதப்படும், அதையும் கேட்டு வாங்குங்கள். கமிஷனைச் சேர்க்காமலேயே குறைந்தபட்ச ஊதியம் வர வேண்டும். கமிஷன் பாக்கியைக் கேட்க உங்கள் பலம் எழுத்துதான். நியமனக் கடிதத்தில் எழுதித் தர மறுத்தால் மேலாளருக்கு வாட்ஸாப்பில் "சார், கமிஷன் 1%, டார்கெட் 6 லட்சம், அட்வான்ஸ் பில்லும் என் கோடில் சேரும், சரிதானே?" என்று கேட்டு, வரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

படிப்புச் சான்றிதழின் அசலைக் கேட்டால் கொடுக்காதீர்கள், நகல் போதும். கமிஷன் பாக்கி நிற்கும்போது அந்த அசலைக் காட்டித்தான் வாயை அடைப்பார்கள். ஹாஸ்டல், சாப்பாட்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

வேலையை விடுவதாக இருந்தால் முகூர்த்த மாதம் முடிந்து கமிஷன் கைக்கு வந்த பிறகு கடிதம் கொடுங்கள். சம்பள பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அட்வான்ஸ் நிலையில் நிற்கும் புடவைகளின் பட்டியலை எண்ணோடு எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். கமிஷன் பாக்கியைத் தராவிட்டால் நோட்டு, நகல், வாட்ஸாப் பதில் மூன்றையும் எடுத்துக்கொண்டு மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் மனு கொடுங்கள்.