பத்தாவது நோயாளியோடு நிறுத்தச் சொல்லும் மென்பொருள்: கிளின்ஃபன் தேறுமா?

ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளுக்குள் ஓடும் கிளின்ஃபன் தொகுப்பு இலவசம். உரிமக் கட்டணம் இல்லை, பழைய லேப்டாப்பே போதும். இரண்டாம் கட்டப் புற்றுநோய்ச் சோதனைக்குச் சாம்பிள் சைஸ் (எத்தனை நோயாளிகள் வேண்டும் என்ற கணக்கு) போட, இதிலுள்ள சைமன் இரு நிலை ஃபங்ஷன் (முதலில் சிலரிடம் பார்த்து, தேறினால் மட்டும் மீதிப் பேரைச் சேர்க்கும் முறை) கேட்பது நாலே எண்: மருந்து வேலைக்காகாது என்று ஒதுக்கும் ரெஸ்பான்ஸ் (கட்டி சுருங்குவோர்) விகிதம், தேறும் என்று ஏற்கும் விகிதம், ஆல்ஃபா (உதவாத மருந்தைத் தேறியது என்று சொல்லிவிடும் வாய்ப்பு), பீட்டா (நல்ல மருந்தைத் தவறவிடும் வாய்ப்பு). 0.10, 0.30, 0.05, 0.20 என்று கொடுத்தால் உடனே விடை வரும்: ஆப்டிமல் (உதவாத மருந்துக்குச் சராசரியில் மிகக் குறைந்த பேர்) 1/10, 5/29, மினிமாக்ஸ் (மொத்தத்தில் மிகக் குறைந்த பேர்) 1/15, 5/25. ஒவ்வொன்றிலும் முதல் ஜோடி முதல் நிலைக்கு, இரண்டாவது மொத்தத்துக்கு.

நாலாவது இடத்திலேயே பலர் சறுக்குவார்கள். அது பீட்டா, பவர் (1-லிருந்து பீட்டாவைக் கழித்தது) அல்ல. "80 சதவீத பவர்" என்றே பேசிப் பழகியவர்கள் 0.80 என்று தட்டிவிடுவார்கள்.

விடையைப் படிப்பதிலும் ஒரு குழி உண்டு. 5/29 என்றதும், 29 பேரில் ஐந்து பேருக்குக் கட்டி சுருங்கினால் ஜெயித்தோம் என்று டாக்டர் நினைப்பார். ஐந்து வரை தோல்விதான். ஆறு பேர் வேண்டும். முதல் பத்துப் பேரில் ஒருவரோ பூஜ்யமோ என்றால் அங்கேயே கடையைக் கட்ட வேண்டும். மருந்தின் நிஜ விகிதம் 10 சதவீதம்தான் என்றால், ஆப்டிமலில் இப்படி நிற்கும் வாய்ப்பு 0.74, சராசரியாக 15 பேரோடு முடியும். மினிமாக்ஸில் மொத்தம் நாலு பேர் மிச்சம், ஆனால் அந்த வாய்ப்பு 0.55-க்கு இறங்கும். நோயாளிகள் அரிதாகவே வரும் புற்றுநோய்க்கு மினிமாக்ஸ் சரி. மருந்தின் பக்கவிளைவு கடுமை என்றால் ஆப்டிமல்தான் நியாயம்.

அட்டவணையில் இல்லாத சங்கதி ஒன்று. பத்தாவது ஆள் சேர்ந்ததும் சேர்க்கையை நிறுத்தி, ஸ்கேன் முடிவுக்குக் காத்திருக்க வேண்டும். எட்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன் என்றால், அதுவரை ஓபி-க்கு வரும் தகுதியான நோயாளியைத் திருப்பி அனுப்ப எந்த டாக்டருக்கு மனசு வரும்? அதற்குள் இரண்டு பேருக்கு ரெஸ்பான்ஸ் உறுதியாகிவிட்டால் நிறுத்தவே தேவையில்லை. இந்த ஒரு வரியைப் புள்ளியியலாளர் புரோட்டோகாலில் எழுதிவைத்தால் பாதிச் சண்டை அடங்கும்.

சென்னையில் இன்னொரு தலைவலி. சித்தூரிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் வந்து சேர்ந்தவர்கள் அடுத்த ஸ்கேனை ஊரிலேயே எடுத்துக்கொண்டு வருவதுண்டு. கட்டி அளப்பதற்கான ரெசிஸ்ட் 1.1 விதிப்படி சிடி ஸ்லைஸின் (ஸ்கேனின் ஒவ்வொரு வெட்டுப் படத்தின்) தடிமன் 5 மி.மீ.க்கு மிகக்கூடாது, அளக்கும் கட்டி குறைந்தது 10 மி.மீ. இருக்க வேண்டும். தடித்த ஸ்லைஸை வைத்து 30 சதவீதம் சுருங்கியது என்று எழுதினால் அந்த ஆளை எப்படி எண்ணுவது? ஸ்கேனுக்கே வராதவரை ரெஸ்பான்ஸ் இல்லாதவராகக் கொள்வதா, வேறொருவரைச் சேர்ப்பதா? கிளின்ஃபன் இதையெல்லாம் கேட்காது. 15 சதவீதம் பேர் விலகுவார்கள் என்று கணக்கிட்டால் 29-ஐ 0.85-ஆல் வகுக்க வேண்டும், 35 வரும். 1.15-ஆல் பெருக்கி 34 என்று எழுதுவது வழக்கமான தப்பு.

பெரிய குறை, முதல் எண் எங்கிருந்து வந்தது என்று கேட்காததுதான். வெளிநாட்டுக் கட்டுரையின் விகிதத்தை அப்படியே எடுத்துவந்தால், முற்றிய நிலையில் வரும் நம்மூர் நோயாளிக்கு அது பொருந்தாமல் போகலாம். ஆஸ்பத்திரியின் பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டிவிட்டு உட்காருவது உத்தமம். 0.10/0.30 என்பதை 0.20/0.40 ஆக்கிப் பாருங்கள், ஆப்டிமல் 29-லிருந்து 43-க்குத் தாவும். இந்தப் பேச்சைத் தள்ளிப்போடவும் முடியாது. 2018 ஏப்ரல் 1 முதல், இந்தியாவின் மருத்துவச் சோதனைப் பதிவேடான சிடிஆர்ஐ-யில் முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே பதிவு செய்தாக வேண்டும். சாம்பிள் சைஸும் அதில் போகும்.

உயிர்வாழும் காலத்தை ஒப்பிடும் மூன்றாம் கட்டச் சோதனைக்கு இந்த ஃபங்ஷன் உதவாது. அங்கே ஹசார்ட் ரேஷியோ (இரு குழுவின் இறப்பு வேகங்களின் விகிதம்) 0.7, பவர் 80 சதவீதம், இருபக்க ஆல்ஃபா 5 சதவீதம், இரு குழுவும் சமம் என்றால் 247 நிகழ்வுகள் (இறப்புகள்) வேண்டும். நிகழ்வு, நோயாளி அல்ல. சேர்க்க வேண்டிய தலை அதைவிட அதிகம்.

இரண்டாம் கட்டத்துக்கு மட்டும் என்றால் ஐந்துக்கு நாலு மார்க். அந்த ஒரு மார்க் குறைவது, 1/10-க்குப் பக்கத்திலேயே "இதைத் தாண்ட வேண்டும்" என்று ஒரு வார்த்தை போடாததற்கு.