"தள்ளி வைத்திருக்கிறோம்" என்றால் காலண்டரைப் பாருங்கள்: பாட்டுக் கப்பலில் மாட்டிய பணம்

மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்திலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ மூன்று இரவு. கடலில் இரண்டு கச்சேரி, சென்னைப் பாடகர்கள், மறுநாள் காலை அவர்களோடு பசியாறல். 2019 கடைசியில் இப்படி ஒரு பாட்டுக் கப்பலுக்குப் பணம் கட்டியவர்களின் கையில், கோவிட் வந்து கப்பல்கள் நின்றபின், 2022 பிப்ரவரியில் பெரும்பாலும் ஒரு வாட்ஸ்ஆப் செய்திதான் மிச்சமாக இருந்தது: "நிகழ்ச்சி ரத்தாகவில்லை, தள்ளி வைத்திருக்கிறோம். உங்கள் கேபின் பத்திரமாக இருக்கிறது."

அந்தச் செய்தியில் ஒரே ஒரு சொல்லைக் கவனியுங்கள்: "ரத்தாகவில்லை." ரத்து என்று எழுதிவிட்டால் பணத்தைத் திருப்பும் பேச்சு அன்றைக்கே தொடங்கிவிடும். தள்ளிவைப்பு என்றால் தொடங்காது. ஆனால் நீங்கள் புகார் செய்யக்கூடிய கெடு நாள்கள் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். மோசடி செய்பவரும் இந்தச் சொல்லைச் சொல்கிறார், நல்ல எண்ணம் இருந்தும் கையில் காசில்லாதவரும் இதையே சொல்கிறார். காத்திருப்பவருக்கு இரண்டும் ஒரே நட்டம்தான்.

முதலில், பணம் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். பாட்டுக் கப்பல்கள் இரண்டு வகையில் ஓடுகின்றன. ஒன்று, ஏற்பாட்டாளர் கப்பல் முழுவதையும் வாடகைக்கு எடுப்பது. மற்றது, வழக்கமாக ஓடும் பயணத்தில் ஐம்பது, நூறு கேபின்களை மட்டும் மொத்தமாகப் பிடித்துக்கொள்வது. உங்களுடையது எந்த வகை என்று கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. கப்பல் நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் அதே கப்பலை, அதே தேதியில் தேடுங்கள். பொதுமக்களுக்கு அந்தத் தேதி விற்பனையில் இருந்தால் கேபின் பிடித்த வகை. அந்தத் தேதியே காணோம் என்றால் அநேகமாக முழு வாடகை.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? முழு வாடகையில் உங்கள் ஒப்பந்தம் ஏற்பாட்டாளரோடு மட்டும்தான். கப்பல் நிறுவனம் தன் பயணிகளுக்கு "முழுப் பணம், அல்லது 125 சதவீத கிரெடிட்" என்று அறிவித்தபோது, அந்தப் பயணிகள் பட்டியலில் நீங்கள் கிடையாது. கப்பல்காரருக்கு வாடிக்கையாளர் ஏற்பாட்டாளர்தான். அவர் கட்டிய முன்பணத்தைக் கப்பல் நிறுவனம் ரொக்கமாகத் திருப்பாமல் அடுத்த வருடத் தேதிக்கு மாற்றிக்கொடுத்தால், அவர் உங்களிடம் "தள்ளிவைப்பு" என்கிறார். உலகம் முழுக்க நடந்தது இதுதான். பெயர்பெற்ற மெட்டல் இசைக் கப்பலான 70000 டன்ஸ் ஆஃப் மெட்டல்கூட 2021இல் ஓடவில்லை, 2022 ஜனவரிப் பயணமும் 2023க்குப் போய்விட்டது.

கேபின் பிடித்த வகையில் நிலைமை கொஞ்சம் மேல். ஒவ்வொரு கேபினுக்கும் கப்பல் நிறுவனத்தின் பதிவு எண் இருக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கி, கப்பல் நிறுவனத்துக்கே எழுதி, உங்கள் பெயரில் எவ்வளவு பணம் வந்திருக்கிறது என்று கேளுங்கள். பலர் இங்கேதான் திடுக்கிடுகிறார்கள். கடைசித் தவணை வழக்கமாகப் பயணத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்னால்தான் கப்பலுக்குப் போகும். அதுவரை நீங்கள் கட்டிய முழுத்தொகையில் சின்ன டெபாசிட் மட்டுமே அங்கே போயிருக்கும், மிச்சம் நடுவில் நிற்கும். பிரிக்பீல்ட்ஸிலோ மஸ்ஜிட் இந்தியாவிலோ பினாங்கு லிட்டில் இந்தியாவிலோ டிக்கெட் விற்ற சப்-ஏஜெண்ட், அவருக்கு மேலே உரிமம் உள்ள டிராவல் ஏஜென்சி, அதற்கும் மேலே சிங்கப்பூரில் ஒரு ஏற்பாட்டு நிறுவனம் என்று மூன்று கை மாறியிருக்கலாம். ரிசிட்டில் யார் பெயர், பணம் போன வங்கிக் கணக்கு யார் பெயரில், போஸ்டரில் யார் பெயர் என்று மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். மூன்றும் ஒன்றாக இல்லாவிட்டால், புகாரில் எதிர்த்தரப்பாகப் போட வேண்டியது ரிசிட்டிலும் வங்கிக் கணக்கிலும் உள்ள பெயரை. போஸ்டர் பெயரை நம்பி வழக்குப் போட்டால், அப்படி ஒரு நிறுவனமே பதிவில் இல்லை என்று திரும்பி வரும்.

பெயரை எஸ்எஸ்எம் என்ற மலேசிய நிறுவன ஆணையத்தின் பதிவில் தேடிவிடுங்கள், கட்டணம் சொற்பம். "எண்டர்பிரைஸ்" என்று முடிந்தால் உரிமையாளர் தன் சொந்தச் சொத்திலிருந்தும் பதில் சொல்லியாக வேண்டும். "சென்டிரியான் பெர்ஹாட்" என்றால் கம்பெனியில் இருப்பதோடு சரி. வெளிநாட்டுப் பயணம் விற்பவருக்குச் சுற்றுலா அமைச்சின் உரிமம் வேண்டும், அந்த எண்ணை ரிசிட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள். எண் இல்லை, பணமும் ஒருவரின் பெர்சனல் அக்கவுண்டுக்குப் போயிருக்கிறது என்றால், மோசடிக் கணக்குகளைச் சரிபார்க்கும் போலீசின் செமாக் மியூல் தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

இனி காலண்டர். ஓர் உதாரணம்: 2019 நவம்பர் 10ஆம் தேதி கிரெடிட் கார்டில் இரண்டு பேருக்கு 5,200 வெள்ளி (ரிங்கிட்) கட்டினீர்கள், கப்பல் 2020 ஏப்ரல் 24 என்று வைத்துக்கொள்வோம். சேவை கிடைக்கவில்லை என்று கார்டு வழியே பணத்தைத் திருப்பிக் கேட்கும் சார்ஜ்பேக் முறைக்குப் பொதுவான கெடு, சேவை கிடைக்க வேண்டிய நாளிலிருந்து 120 நாள். அதாவது 2020 ஆகஸ்ட் 22. "டிசம்பருக்குத் தள்ளியிருக்கிறோம்" என்ற செய்திக்குச் சம்மதமாகக் கட்டைவிரல் எமோஜி போட்டுவிட்டுக் காத்திருந்தவருக்கு அந்த நாள் சத்தமில்லாமல் போய்விட்டது. புதுத் தேதியை ஏற்றால் 120 நாள் அங்கிருந்து எண்ணப்படும் என்று வாதாடலாம். ஆனால் பணம் கட்டிய நாளிலிருந்து 540 நாள் என்று ஒரு மேல்வரம்பும் இருக்கிறது. நம் உதாரணத்தில் அது 2021 மே 3. இரண்டாவது முறை தள்ளும்போது அதுவும் முடிந்தது. சில வங்கிகள் இதற்கும் முன்னாலேயே கதவைச் சாத்துகின்றன. வவுச்சரை ஏற்றுக்கொண்டதாக எழுதிக் கொடுத்திருந்தால், சேவைக்குப் பதில் வேறொன்றை வாங்கிக்கொண்டீர்கள் என்று வங்கி கைவிரித்துவிடும். வங்கி மாற்றலிலோ கவுண்டரில் ரொக்கமாகவோ கட்டியவர்களுக்கு இந்த வழியே இல்லை. ஏஜெண்டுகள் "கார்டு என்றால் 3 சதவீதம் கூடுதல், டிரான்ஸ்ஃபர் என்றால் தள்ளுபடி" என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று தோன்றும்.

எஞ்சியிருப்பது பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம். கெடு 3 ஆண்டு. ஏப்ரல் 2020 பயணத்துக்கு 2023 ஏப்ரலோடு அதுவும் முடிந்துவிட்டது. 50,000 வெள்ளி வரை கோரலாம், பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. போராங் 1 என்ற கோரிக்கைப் படிவத்தை நிரப்பி, பதிவான பிரதியை எதிர்த்தரப்புக்கு நேரிலோ பதிவுத் தபாலிலோ நீங்களே சேர்க்க வேண்டும். தபால் ரிசிட்டைத் தொலைக்காதீர்கள், விசாரணையில் முதலில் கேட்பது அதைத்தான். எதிர்த்தரப்பு 14 நாளுக்குள் போராங் 2இல் பதில் தர வேண்டும். வராவிட்டால் அவர் இல்லாமலேயே தீர்ப்பாகலாம். தீர்ப்புப்படி 14 நாளில் பணம் தராதது குற்றம். சிங்கப்பூர் நிறுவனத்தோடு நேரடி ஒப்பந்தம் என்றால் இங்கே பிடி தளர்ந்துவிடும். அங்கே சிறு கோரிக்கை மன்றத்தின் கெடு 2 ஆண்டுதான்.

மன்றத்துக்குப் போகும் முன் ஒரு கடிதம் எழுதியாக வேண்டும். கோபம் வேண்டாம், நீளமும் வேண்டாம். இவ்வளவு போதும்: "இந்தத் தேதியில் இவ்வளவு வெள்ளி கட்டினேன், ரிசிட் இணைப்பு. 24.4.2020 பயணம் நடக்கவில்லை. வேறு தேதியை நான் ஏற்கவில்லை. முழுத்தொகையையும் 14 நாளுக்குள் நான் கட்டிய வழியிலேயே திருப்பித் தரவும்." மூன்றாவது வாக்கியம்தான் உயிர். ஈமெயிலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். வாட்ஸ்ஆப் குழுவில் போடுவது கடிதமாகாது. அட்மின் உங்களை நீக்கியதும் பழைய செய்திகளைத் தேடி எடுப்பதே பெரும்பாடு. இன்றைக்கே குழுவின் உரையாடலை ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள், போஸ்டரையும் நிபந்தனைப் பக்கத்தையும் தேதி தெரியும்படி படமெடுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு வரும் பதில்களும் பழகியவைதான். "இது இயற்கைச் சீற்றம் மாதிரி, எங்கள் பொறுப்பில்லை." பொறுப்பில்லை என்பது வேறு, பணம் அவருடையது என்பது வேறு. 2020 மார்ச் தொடக்கத்தில் கோஸ்டா ஃபோர்ச்சுனா கப்பலைப் பினாங்கு திருப்பி அனுப்பியது, உல்லாசக் கப்பல்களுக்கு நாட்டின் துறைமுகங்கள் மூடப்பட்டன, மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பயணம் நடக்க வழியே இல்லை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அப்படி நிறைவேற்ற முடியாமல் போன ஒப்பந்தம் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 57ஆம் பிரிவில் செல்லாததாகிறது. வாங்கிய ஆதாயத்தைத் திருப்பித் தரச் சொல்கிறது 66ஆம் பிரிவு. 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 15ஆம் பிரிவும் கட்டிய பணத்தை மீட்க இடம் தருகிறது. ஆனால் ஏற்பாட்டாளர் அதற்குள் செய்துவிட்ட நியாயமான செலவைப் பிடித்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதிக்கலாம். எனவே "பாடகர்களுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம்" என்று சொன்னால் சண்டை போடாதீர்கள், கணக்கைக் கேளுங்கள்: யாருக்கு, எந்தத் தேதியில், எவ்வளவு, ரிசிட் எங்கே. கணக்கு இல்லாத செலவை மன்றம் நம்பாது. இதற்கு விதிவிலக்கு, நிபந்தனையிலேயே தொற்றுநோய், அரசாணை பற்றித் தனி விதி இருப்பது. அப்போது முதலில் அந்த விதிதான் பேசும், ஆகவே நிபந்தனையை வரிவரியாகப் படியுங்கள்.

இரண்டாவது பதில், 829ஆவது சட்டம். 2020 அக்டோபரில் வந்த கோவிட் தற்காலிகச் சட்டம் இது, அதன் பட்டியலில் சுற்றுலா ஒப்பந்தங்களும் உண்டு. நடமாட்டக் கட்டுப்பாட்டால் கடமையைச் செய்ய முடியாமல் போனவரை அது அப்போது காத்தது. கையில் வாங்கிய பணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று அதில் ஒரு வரியும் இருக்கவில்லை. அதே சட்டம் சமரசப் பேச்சுக்கும் வழி வைத்திருந்தது. அதைக் காட்டிப் பேசவே மறுப்பவரிடம் இதை நினைவூட்டலாம்.

மூன்றாவது, மாற்றுப் பொருள். ஆன்லைன் கச்சேரி லிங்க், டி-ஷர்ட், "கப்பலுக்குப் பதில் கோலாலம்பூரில் மண்டபத்தில் ஷோ." மண்டபத்தில் வெளிநாட்டுப் பாடகர் பாட, வெளிநாட்டுக் கலைஞர்களுக்கு அனுமதி தரும் அரசுக் குழுவான புஸ்பாலின் அனுமதி வேண்டும். அனுமதிக் கடிதத்தைக் காட்டாதவரை அது வெறும் பேச்சுதான். எதையாவது வாங்கிக்கொள்வதானால் "பாக்கித் தொகைக்கான உரிமையை விடவில்லை" என்று எழுதிவிட்டு வாங்குங்கள்.

கப்பல் நிறுவனமே தரும் கிரெடிட்டைக் கண்ணை மூடிக்கொண்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. கணக்குப் போடுங்கள். 5,200இல் துறைமுக வரி 400 என்றால் அது ரொக்கமாகவே வர வேண்டும், கிரெடிட்டில் கரையக் கூடாது. மிச்சம் 4,800க்கு 125 சதவீதம், 6,000. காகிதத்தில் லாபம். அதற்கு முடிவு தேதி உண்டு, பெரும்பாலும் பெயர் மாற்ற முடியாது, கப்பலுக்குள் செலவழிக்கவும் ஆகாது. அதற்கும் மேலாக, கப்பல் நிறுவனம் அதுவரை உயிரோடு இருக்க வேண்டும். 2022 ஜனவரியில் கெந்திங் ஹாங்காங் பெர்முடா நீதிமன்றத்தில் கலைப்பு மனு போட்டது. ஸ்டார் குரூஸ், டிரீம் குரூஸ் இரண்டும் அதன் கீழ்தான் இருந்தன. கிரெடிட் வைத்திருந்தவர் அதன்பின் பயணி அல்ல, ஈடு இல்லாமல் கடன் கொடுத்தவர்.

விமான டிக்கெட் தனிக் கதை. பினாங்கிலிருந்து கப்பலேற சிங்கப்பூருக்குத் தனியாக எடுத்த டிக்கெட்டுக்கும் பாட்டுக் கப்பலுக்கும் சம்பந்தமில்லை. விமானம் ரத்தானால் கட்டிய வழியிலேயே 30 நாளில் பணம் என்பது விதி, புகார் விமானப் போக்குவரத்து ஆணையமான சிஏஏஎம்முக்கு (2025 ஆகஸ்டுக்கு முன் மாவ்கோமுக்கு). விமானம் பறந்து நீங்கள் ஏறவில்லை என்றால் விமான நிலையப் பயணிக் கட்டணத்தை மட்டுமாவது கேட்டு வாங்குங்கள். பயணக் காப்புறுதியை நம்பி இருக்காதீர்கள். நிறைய பாலிசிகளில் தொற்றுநோய் விலக்கு உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2020 ஜனவரி 30இல் அவசரநிலை அறிவித்த பிறகு எடுத்ததென்றால் "முன்பே தெரிந்த நிகழ்வு" என்று தள்ளிவிடுகிறார்கள்.

கம்பெனி கலைப்புக்குப் போய்விட்டால் மன்றத்தை விட்டுவிட்டு, கலைப்பு அதிகாரி அறிவிக்கும் கெடுவுக்குள் கடன் சான்றுப் படிவம் போட வேண்டும். ரிசிட், வங்கிக் கணக்கு அறிக்கை, பதிவு எண் மூன்றையும் இணையுங்கள். அரசாங்கம், வங்கி, ஊழியர் எல்லாரும் வரிசையில் முன்னால் நிற்பதால் கைக்கு வருவது சொற்பமாக இருக்கலாம், எதுவுமே வராமலும் போகலாம். படிவம் நிரப்ப ஏஜெண்ட் தேவையில்லை. ஆனாலும் ஒருவர் வருவார். பாதிக்கப்பட்டோர் குழுவில் உங்கள் பெயரைப் பார்த்துவிட்டு, "உங்கள் ரீஃபண்ட் பாஸாகிவிட்டது, பிராசசிங் கட்டணம் 380 வெள்ளி" என்று தனியாகச் செய்தி அனுப்புவார். அவரிடம் உங்கள் கேபின் எண்கூட இருக்கும், ஏனென்றால் அதைக் குழுவில் போட்டது நீங்கள்தான்.